தீப்பாஞ்சம்மா கல்லும் ஔவையின் சிலையும்

எங்கள் இண்டூர்ப் பக்கம் நடுகல்லைத் தேடிக்கொண்டு யாரும் அலைய வேண்டியதில்லை. ஏரிக்கரையிலோ புளியமரத்தடியிலோ, கரும்புக் கொல்லை வரப்பிலோ ஏதாவது ஒன்று சாய்ந்து நிற்கும். கையில் வில்லோ வாளோ இருந்தால் பெரும்பாலும் அது வேடியப்பன். பொங்கல் வைப்பார்கள், கிடா வெட்டுவார்கள், குழந்தைக்கு அவர் பேரையே வைப்பார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் வேடியப்பன் என்று பேர் உள்ளவரிடம் "உங்க பக்கம் நடுகல் எங்க இருக்கு?"ன்னு கேட்டால் பல நேரம் சரியான பதில் கிடைக்கும்.

இந்தக் கட்டுரை வேடியப்பனைப் பற்றியது அல்ல. அவருக்குப் பக்கத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாளே ஒரு பெண், அவளைப் பற்றியது.

சில வருடங்களுக்கு முன்னால் அப்படி ஒரு கல்லைப் பார்க்கப் போயிருந்தேன். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு பழைய சிவப்புத் துணியைச் சுற்றியிருந்தார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஆயாவிடம், "ஆயா, இந்த அம்மா பேரு என்ன?" என்று கேட்டேன்.

"தீப்பாஞ்சம்மா."

"அது சாமி பேரு. அந்தம்மா உசுரோட இருந்தப்ப என்ன பேரு?"

ஆயா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சாமிக்கு எதுக்கு கண்ணு இன்னொரு பேரு? தீயில பாஞ்சா. அதான் தீப்பாஞ்சம்மா."

அந்தப் பதில் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. செத்த விதமே பேராகிவிட்ட ஒரு பெண். அவள் யார் மகள், என்ன வேலை செய்தாள், தானாகப் போனாளா, தள்ளிவிட்டார்களா? கல் ஒன்றையும் சொல்லவில்லை.

வளையல் போட்ட கை

இந்த வகைக் கல்லைச் சதிக்கல் என்று ஆய்வாளர்கள் எழுதுவார்கள். கன்னட நாட்டில் மாஸ்திக்கல். மகாசதி என்பதன் திரிபு. நம் பக்கத்தில் தீப்பாஞ்சம்மன், வீரமாத்தி என்று வழங்குகிறார்கள். தருமபுரி ஒருகாலத்தில் நுளம்பர், கங்கர், பிறகு ஹொய்சாளர் என்று பல கை மாறிய எல்லை நாடு. அதனால் கன்னடப் பாணியும் தமிழ்ப் பாணியும் கலந்தே கிடைக்கின்றன. வீரனுக்குப் பக்கத்தில் மனைவி நிற்பாள், வலது கை மேலே உயர்ந்திருக்கும். சில கற்களில் பெண்ணே இருக்கமாட்டாள். ஒரு தூண் இருக்கும், தூணிலிருந்து முழங்கையில் மடங்கிய ஒரு கை மட்டும் மேலே நீளும், கை நிறைய வளையல். சிலவற்றில் கையில் எலுமிச்சம்பழமும் உண்டு. வளையல் உடையவில்லை, அதாவது அவள் சுமங்கலியாகவே போனாள் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

பெண் முழுவதும் போய், வளையல் போட்ட கை மட்டும் மிஞ்சிய நினைவுச்சின்னம் அது.

இதோடு இன்னொரு கல்லை ஒப்பிட வேண்டும். செங்கம் பக்கத்தில் எடுத்தனூர் என்று ஒரு ஊர். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்கே ஒரு நடுகல் நட்டிருக்கிறார்கள். தொறு காத்து, அதாவது மாடு காத்து, செத்த வீரனுக்கான கல். கூடவே அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாய்க்குப் பேர் உண்டு: கோவிவன். இரண்டு கள்ளரைக் கடித்துவிட்டுக் காவல் நின்றது என்று கல்வெட்டே சொல்கிறது. விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்குக் கூட எழுத்தோடு ஒரு நடுகல் உண்டு.

நாயைக் குறை சொல்லவில்லை. கோவிவன் செய்த வேலைக்கு அந்த மரியாதை தகும். ஆனால் வேலை செய்த நாயின் பேரைப் பொறித்து வைத்த அதே மரபில், தீயில் விழுந்த பெண்களின் கற்களில் பெரும்பாலானவற்றுக்கு எழுத்தே கிடையாது.

நடுகல்லைப் பாடிய பெண்

இதில் விசித்திரம் என்னவென்றால், எங்கள் தகடூர் நாட்டு நடுகல்லைப் பற்றி நமக்குக் கிடைக்கிற பழைய சாட்சிகளில் ஒன்றைச் சொன்னவர் ஒரு பெண். ஔவையார்.

தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அதியமான் நெடுமான் அஞ்சி இங்கே ஆண்டான். திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் 1981-இல் கண்டுபிடிக்கப்பட்ட தமிழ்-பிராமிக் கல்வெட்டு அவன் பேரையும் 'சதியபுதோ' என்ற பட்டத்தையும் சேர்த்தே சொல்கிறது. அசோகன் கல்வெட்டில் வரும் சதியபுத்திரர் யார் என்று வெகுநாள் நடந்த வாதம் அதோடு ஏறக்குறைய முடிந்தது. அந்த அஞ்சி செத்தபிறகு அவனுக்கு நடுகல் நட்டு, மயில்பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள் ஊற்றிப் படைக்கிறார்கள். நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இந்தக் கள்ளையா வாங்கிக்கொள்ளப்போகிறான் என்று ஔவை கேட்கிறார். புறநானூற்றில் 232-ஆம் பாட்டு. இன்றைக்கும் வேடியப்பனுக்கு முன்னால் சாராயம் வைக்கிற பழக்கத்தைப் பார்க்கும்போது, அந்தப் பாட்டு எனக்குப் பழைய பாட்டாகத் தெரிவதில்லை.

சங்க நூல்களில் ஔவை பேரில் 59 பாட்டு இருக்கின்றன. புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. சங்கப் பெண்பாற் புலவர்களில் அதிகம் பாடியவர் அவர்தான். அதியமானுக்காகக் காஞ்சித் தொண்டைமானிடம் தூது போனவரும் அவர்தான். போர் நடக்கிற நாட்டில் ஒரு பெண் தூது போகிறாள், அரசனின் ஆயுதசாலையைப் பார்த்துவிட்டுக் கிண்டலாகவும் பேசுகிறாள். இந்த மண்ணில் 'முதன்முதலாக' என்று சொல்லத் தகுந்த பெண் யாராவது உண்டென்றால் அவர்தான்.

அதே புறநானூற்றில் 246-ஆம் பாட்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பாடியவர் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு. கணவன் செத்துவிட்டான், அவள் தீயில் இறங்கப் போகிறாள், சான்றோர் தடுக்கிறார்கள். அவள் சொல்லும் பதிலில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கைம்பெண்ணாக இருந்தால் என்ன சாப்பிடவேண்டும், எதன்மேல் படுக்கவேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறாள். நெய் இல்லாத பிழிந்த சோறு, வேளைக் கீரை, பாய் கூட இல்லாத பரல்கல் படுக்கை. அதற்கு இது மேல் என்கிறாள். தீயைப் புகழ்கிற பாட்டு என்று இதைச் சொல்வது வழக்கம். எனக்கென்னவோ, வாழ விடாத வாழ்க்கையைப் பற்றிய புகார் என்றே படுகிறது.

இரண்டு அரசிகள், இரண்டு படிமம்

வெண்கலம் என்று வந்தால் சோழர்களை விட்டுவிட்டுப் பேச முடியாது. 10-ஆம் நூற்றாண்டில் ஒரே அரச குடும்பத்தில் இரண்டு பெண்கள்.

ஒருவர் வானவன் மாதேவி, ராஜராஜனின் தாய். கணவன் சுந்தர சோழன் இறந்தபோது, பால் மறவாத குழந்தையைக் கூட விட்டுவிட்டுத் தீப்புகுந்தார் என்று திருக்கோவிலூர்க் கல்வெட்டு புகழ்கிறது. இன்னொருவர் செம்பியன் மாதேவி. கணவர் கண்டராதித்தர் காலமானபின் இவர் தீப்புகவில்லை. கைக்குழந்தையாக இருந்த மகன் உத்தம சோழனை வளர்த்தார். நாற்பது வருடத்துக்கும் மேலாக, செங்கல் கோயில்களைக் கற்றளியாக மாற்றிக் கட்டிக்கொண்டே இருந்தார். கோனேரிராஜபுரம், ஆடுதுறை, விருத்தாசலம் என்று அந்தப் பட்டியல் நீளும். சோழ வெண்கலக் கலை அந்த அளவு உயர்ந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு என்று கலை வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள்.

இரண்டு பேருக்கும் படிமம் உண்டு. தாய் தந்தை இருவருக்கும் தஞ்சைப் பெரிய கோயிலில் செப்புத்திருமேனி எடுத்து வைத்தார் குந்தவை. செம்பியன் மாதேவி பேரிலேயே இருக்கும் ஊரில் அவருக்கும் படிமம் எடுக்கப்பட்டு, இன்றும் சித்திரை மாதம் அவர் நட்சத்திரத்தில் விழா நடக்கிறது. ஆக, செத்ததற்கும் சிலை, வாழ்ந்ததற்கும் சிலை. ஒரு சமுதாயம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டிருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அரசிக்குத் தேர்ந்தெடுக்க ஏதோ கொஞ்சம் இடம் இருந்தது. எங்கள் ஊர் வீரமாத்திக்கு அது இருந்ததா என்று கல் சொல்லவில்லை.

வங்காளத்தில் 1829-லும், சென்னை மாகாணத்தில் 1830-லும் உடன்கட்டை ஏறுவது சட்டப்படி குற்றமாயிற்று. தீ நின்றது. பரல்கல் படுக்கை நிற்கவில்லை.

கடற்கரையில் நிற்பது எந்த ஔவை?

1968 ஜனவரியில் சென்னையில் இரண்டாவது உலகத் தமிழ் மாநாடு. அதையொட்டி மெரினாவில் பத்துச் சிலைகள் வைத்தார்கள். வள்ளுவர், கம்பர், பாரதியார், பாரதிதாசன், வ.உ.சி., போப், கால்டுவெல், வீரமாமுனிவர் என்று எட்டு ஆண்கள். இரண்டு பெண்கள்: கண்ணகி, ஔவையார். கண்ணகி காப்பிய நாயகி. ஆக, எழுதிய பெண் என்று அந்த வரிசையில் இருப்பவர் ஔவை ஒருவர்தான். அதே கடற்கரையில் 1959-இல் திறக்கப்பட்ட உழைப்பாளர் சிலையில் பாறையைத் தள்ளுகிற நான்கு பேரும் ஆண்கள். கல் உடைக்கிற இடத்திலும் சித்தாள் வேலையிலும் பெண்களைப் பார்க்காதவர் நம் ஊரில் யாராவது உண்டா?

மெரினா ஔவை கிழவி. கையில் கோல். நம் பாடப்புத்தகத்திலும் அப்படித்தான். ஆனால் அதியமானைப் பாடிய ஔவை அப்படியா இருந்தார்? புறநானூறு 89-ஆம் பாட்டில் பகை அரசன் ஒருவன் தன்னை எப்படி அழைத்துப் பேசினான் என்று ஔவை சொல்கிறார். அணிகலன் பூண்ட, மை தீட்டிய கண்ணும் ஒளி பொருந்திய நெற்றியும் உள்ள விறலி என்றுதான் கூப்பிடுகிறான். கிழவி இல்லை, கோல் இல்லை.

ஔவை என்ற பேரில் ஒருவருக்கு மேற்பட்ட புலவர்கள் வெவ்வேறு காலத்தில் இருந்தார்கள் என்பது தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். ஆத்திசூடி பாடியவர் பல நூற்றாண்டு பிந்தியவர். எல்லோரையும் ஒரே கிழவியாக்கி, பிள்ளையாரிடம் கேட்டு முதுமை வாங்கிக்கொண்டாள் என்று ஒரு கதையும் கட்டியாயிற்று. 1953-இல் ஜெமினி எடுத்த 'ஔவையார்' படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நடித்ததும் அந்த உருவம் கெட்டிப்பட்டுவிட்டது. கணவர் கிட்டப்பா 1933-இல் இறந்தபிறகு வெள்ளைச் சேலையிலேயே வாழ்ந்தவர் சுந்தராம்பாள். அந்த வெள்ளைச் சேலையோடு ஊர் ஊராகப் பாடியவர், சட்டமேலவைக்கும் போனவர். ஔவை வேஷம் அவருக்குப் பொருந்தியது வெறும் குரலால் மட்டும் அல்ல என்று நினைக்கிறேன்.

ஏன் கிழவி? இளம்பெண் தனியாக ஊர் சுற்றுவதை, அரசனோடு கள் குடிப்பதை, தூது போவதை நம் கதைமரபால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. முதுமையைக் கொடுத்தால் ஒத்துக்கொள்ளலாம். தீப்பாஞ்சம்மாவிடமிருந்து பேரை எடுத்தோம், ஔவையிடமிருந்து வயதை எடுத்தோம். எங்கள் அதியமான்கோட்டையில் அரசு கட்டிய அதியமான் கோட்டத்துக்குப் போகிறவர்கள் அங்கே ஔவையைப் பார்த்துவிட்டு, 89-ஆம் பாட்டையும் ஒருமுறை படித்தால் நல்லது.

பல்கலைக்கழக வளாகத்தில் இரண்டு பெண்கள்

இந்த யோசனையெல்லாம் வந்ததற்குக் காரணம் அமெரிக்காவில் இருந்த ஒரு சிலை. ஓரிகன் மாநிலத்தில் யூஜின் நகரில் ஓரிகன் பல்கலைக்கழகம். அங்கே 1919-இல் 'முன்னோடி' என்று ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள். துப்பாக்கியும் சாட்டையுமாக நிற்கும் ஒரு குடியேறி. 1932-இல் அதே சிற்பி, அலெக்சாண்டர் ஃபிமிஸ்டர் ப்ராக்டர், 'முன்னோடித் தாய்' என்ற சிலையையும் செய்தார். செலவு ஏற்றுக்கொண்டவர் பல்கலைக்கழகத் துணைத் தலைவராக இருந்த பர்ட் பிரவுன் பார்க்கர். முன்னோடிப் பெண்கள் எல்லோருக்குமான அஞ்சலி அது. அந்தத் தாய் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். கையில் புத்தகம், தலை குனிந்திருக்கிறது. கஷ்டமெல்லாம் பட்டு முடித்து ஓய்கிற முதுமை.

அங்கேயும் பார்த்தீர்களா? ஆண் நிற்கிறான், பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவனுக்கு வேலை, அவளுக்கு ஓய்வு. அவளும் ஒரு கிழவி. அவளுக்கும் பேர் இல்லை, தாய் என்பதே பேர்.

அது மட்டும் இல்லை. அந்தப் பள்ளத்தாக்கு கலபூயா பழங்குடி மக்களின் மண். 1855 ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்களை அங்கிருந்து வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். முன்னோடி என்றால் யாருக்கு முன்னோடி? 2020 ஜூன் 13 அன்று போராட்டக்காரர்கள் இரண்டு சிலைகளையும் கீழே தள்ளினார்கள். தள்ளியது சரியா தப்பா என்பது தனி விவாதம். எனக்குப் பட்டது வேறு. அந்தத் தாய்க்கு என்று ஒரு பேரும் அவள் செய்த வேலையும் இருந்திருந்தால், அவளை அவள் வேலையை வைத்து எடை போட்டிருக்கலாம். பேர் இல்லாததால் கணவனோடு சேர்ந்து விழுந்தாள். ஒரு வகையில் அதுவும் உடன்கட்டைதான்.

இதற்கு நேர் எதிராக நம் நாட்டில் ஒன்று. புனே பல்கலைக்கழகம் 1949-இல் தொடங்கியது. 2014-இல் அதற்கு சாவித்ரிபாய் புலே பெயரை வைத்தார்கள். 2022 பிப்ரவரியில் வளாகத்தில் அவருக்கு முழு உருவச் சிலையும் வந்தது. 1831-இல் பிறந்தவர், ஒன்பது வயதில் கல்யாணம், எழுத்து கற்றுக்கொண்டதே கணவர் ஜோதிராவிடம்தான். 1848-இல் புனே பிடே வாடாவில் பெண்களுக்கான பள்ளியில் பாடம் நடத்தப் போனார். வழியில் சாணியும் கல்லும் எறிந்தார்கள் என்பதும், மாற்றுச் சேலை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு போனார் என்பதும் பலருக்கும் தெரிந்த கதை.

அதைவிட எங்கள் மாவட்டத்துக்காரன் ஒருவன் நின்று கவனிக்க வேண்டிய செய்தி வேறு. புலே தம்பதி தங்கள் வீட்டிலேயே ஒரு சிசுக்கொலைத் தடுப்பு இல்லம் நடத்தினார்கள். விதவைகள் வந்து ரகசியமாகப் பிள்ளை பெற்று, விட்டுவிட்டும் போகலாம். அப்படிப் பிறந்த ஒரு பையனையே தத்து எடுத்து வளர்த்தார்கள். யஷ்வந்த் என்ற அந்தப் பிள்ளை மருத்துவரானான். 1897-இல் பிளேக் வந்தபோது தாயும் மகனும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள். அதே நோய் தொற்றி மார்ச் 10 அன்று சாவித்ரிபாய் இறந்தார். 1890-இல் கணவர் இறந்தபோது இறுதி ஊர்வலத்தில் கொள்ளிச் சட்டியை ஏந்தி முன்னால் நடந்தவரும் இவர்தான். ஒரு விதவை, தீயைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு ஆறு வருடத்துக்கும் மேல் வேலை செய்தார். கையைத் தூக்கி நிற்கும் எங்கள் ஊர்க் கல்லுக்கு இதைவிடச் சரியான பதில் எனக்குத் தெரியவில்லை.

பேரை எழுதி வைப்போம்

இதை ஏன் எங்கள் மாவட்டத்தோடு சேர்க்கிறேன் என்றால், நூறு வருடக் கதை இல்லை இது. பெண் சிசுக்கொலைக்குப் பேர்போன மாவட்டங்களில் தருமபுரியும் ஒன்று. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் இங்கேயும் வந்தது. தீயில் விழுந்தவளுக்குக் கல்லாவது இருந்தது. கள்ளிப்பால் கொடுக்கப்பட்டவளுக்குக் கல்லும் இல்லை, பேரும் வைக்கவில்லை.

அந்த மாவட்டத்திலிருந்துதான் இன்றைக்குக் காலையில் பென்னாகரம், இண்டூர் வழியாகத் தருமபுரிக்குப் போகிற பஸ்ஸில் நிற்க இடம் இல்லாமல் கல்லூரிப் பெண்கள் போகிறார்கள். எங்கள் தெருவிலிருந்து முதல்முதலாக அந்தப் பஸ்ஸில் ஏறியவர் என் பெரியம்மா. "அவ படிச்சி என்ன கலெக்டரா ஆவப்போறா"ன்னு பேசினவங்க வாசலைத் தாண்டித்தான் பஸ் நிறுத்தத்துக்குப் போகவேண்டும். சாணி எறியவில்லை, பேச்சுதான் எறிந்தார்கள். அவர் கலெக்டர் ஆகவில்லை. இரண்டாம் வருடத்தில் கல்யாணம் ஆகிப் படிப்பு நின்றுவிட்டது. ஆனால் அவருக்குப் பிறகு தெருவில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அவருடைய மகள்கள் இருவரும் பட்டதாரிகள்.

போன மாதம் பெரியம்மாவிடம், "உங்களோட அன்னைக்குப் பஸ்ல யாரெல்லாம் வந்தாங்க பெரிம்மா?" என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். நாலு பேர் சொன்னார். ஐந்தாவது பேர் ஞாபகம் வரவில்லை. "செவப்பா, ஒசரமா இருக்கும்டா. பேரு வாயில வரமாட்டேங்குது" என்றார். அன்று ராத்திரி பத்து மணிக்கு அவரே போன் செய்து அந்தப் பேரைச் சொன்னார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

சிலை வைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வைத்தால் மகிழ்ச்சிதான். அதற்கு முன்னால் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஊர்ப் பள்ளியிலும் பழைய சேர்க்கைப் பதிவேடு இருக்கும். அதில் முதல் பெண் பிள்ளையின் பேர் எந்த வருடம் வருகிறது என்று பார்க்கலாம். முதல் ஆசிரியை, முதல் நர்சம்மா, முதலில் கையெழுத்துப் போட்ட பஞ்சாயத்து உறுப்பினர் யார் யார் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். கேட்கவேண்டியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். இன்னும் இருபது வருடம் விட்டால் அவர்களும் பேரில்லாத கல்லாகிவிடுவார்கள்.

எடுத்தனூரில் யாரோ ஒருவர், நாயின் பேரையும் சேர்த்து வெட்டு என்று கல்தச்சனிடம் சொல்லியிருக்கிறார். 1,400 வருடம் கழித்து நாம் கோவிவன் என்று கூப்பிடுகிறோம். அவ்வளவுதான் வேலை. பெரியம்மா சொன்ன ஐந்து பேரையும் தேதி போட்டு என் நோட்டில் எழுதிவிட்டேன். உயிரோடு இருக்கிறவர்கள் என்பதால், அவர்களைக் கேட்காமல் இங்கே எழுதவில்லை. உங்கள் ஊர் நோட்டை நீங்கள் தொடங்குங்கள்.